செல்போன் காட்டும் காற்றும் அடுப்படிக் காற்றும்

காற்றுத் தரக் குறியீட்டைப் படிப்பது எப்படி? கிராமத்தில் நுரையீரலைக் காப்பது எப்படி?

மார்கழி மாதத்து அதிகாலை. புதுக்கோட்டை மாவட்டம், கீரனூரை அடுத்த குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் நின்று பார்த்தால், ஊருக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தெரியும். பாதி பனி, மீதி புகை. வாசலில் வெந்நீர் அடுப்பு, உள்ளே சோற்று அடுப்பு, மாட்டுக்கொட்டகையில் கொசுவை விரட்டப் போட்ட மூட்டம், தெருமுனையில் சருகைக் கூட்டிக் குளிர்காயும் நெருப்பு. இத்தனை புகையும் மேலே போகாமல் கூரை உயரத்திலேயே படுத்துக்கிடக்கும்.

அதே நேரத்தில் வீட்டுப் பிள்ளை செல்போனை எடுத்துப் பார்த்தால், காற்றுத் தரம் 58, 'திருப்தி' என்று பச்சை நிறத்தில் காட்டலாம். திண்ணையில் தாத்தா விடாமல் இருமிக்கொண்டிருப்பார்.

எண்ணும் பொய்யில்லை, இருமலும் பொய்யில்லை. அந்த எண் எங்கோ ஓர் நகரத்துக் காற்றைச் சொல்கிறது. இருமல் இந்தத் தெருவின் காற்றைச் சொல்கிறது. காற்று மாசு என்றால் டெல்லிச் செய்தி என்றே பலரும் நினைக்கிறார்கள். 2024 நவம்பர் 18 அன்று டெல்லியில் குறியீடு 490-ஐத் தாண்டியபோது தொலைக்காட்சிகள் நாள் முழுக்க அதையே காட்டின. ஆனால் விறகு அடுப்பின் முன்னால் தினமும் இரண்டு மணி நேரம் உட்காரும் பெண்ணும், கிரஷரில் ஜல்லி அள்ளும் ஆளும் மூச்சில் இழுக்கும் காற்றை எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை. அதை அந்தந்த வீட்டார்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த எண் எப்படி வருகிறது?

நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்தது. 2014 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எட்டுப் பொருள்களைக் கணக்கில் எடுக்கிறார்கள். பி.எம். 10, பி.எம். 2.5 என்ற இரண்டு வகைத் தூசி, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் ஆகியவையே அந்த எட்டு.

இவற்றில் கிராமத்து வீடுகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தூசி இரண்டையும்தான். பி.எம். 10 என்பது 10 மைக்ரானும் அதற்குக் குறைவான பருமனும் உள்ள தூசி. மண் சாலையில் லாரி போனால் எழுவது, களத்தில் உளுந்து அடிக்கும்போது பறப்பது எல்லாம் இதில் வரும். பி.எம். 2.5 அதைவிடப் பொடி. தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு பிடித்துச் சளியாக வெளியே தள்ளிவிடும். நுண்தூசி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகையின் கெடுதல் இருமலோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை போகிறது. புகையில் இருப்பது பெரும்பாலும் இந்த நுண்தூசிதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அவற்றில் எது மிக மோசமோ அதையே அந்த இடத்தின் குறியீடாக அறிவிக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. ஐந்து பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை ஒரு பாடத்தில் தவறினாலும் 'தோல்வி' என்று எழுதுவது போன்ற முறை இது. குறைந்தது மூன்று பொருள்களின் அளவு கிடைக்க வேண்டும், அதில் ஒன்று தூசியாக இருக்க வேண்டும் என்பது விதி.

எண்ணுக்கு என்ன பொருள்?

- 0 – 50: நன்று. யாருக்கும் தொல்லை இல்லை.
- 51 – 100: திருப்தி. ஏற்கெனவே மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்குச் சிறு சிரமம் வரலாம்.
- 101 – 200: மிதமான மாசு. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்களுக்கு மூச்சு வாங்கும்.
- 201 – 300: மோசம். நீண்ட நேரம் வெளியில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுச் சிரமம்.
- 301 – 400: மிக மோசம். தொடர்ந்து இருந்தால் நல்ல உடம்புக்காரர்களுக்கும் சுவாச நோய் வரலாம்.
- 401 – 500: கடுமை. எல்லோருக்கும் ஆபத்து.

பச்சை நிறத்தைப் பார்த்ததும் முழு நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. இந்தியத் தரப்படி ஒரு நாள் சராசரியாக பி.எம். 2.5 தூசி ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அந்த 60-தான் குறியீட்டில் 100 ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதே தூசிக்குச் சொல்லும் அளவு 15. ஆக, 'திருப்தி'யின் மேல் எல்லை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப்போல நான்கு மடங்கு.

செல்போன் சொல்லாத மூன்று விஷயங்கள்

முதலாவது, இடம். அளவிடும் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களிலும் தொழிற்பேட்டைகளிலும்தான் இருக்கின்றன. கிராமத்தில் நின்று செல்போனில் பார்த்தால், பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்து நிலையத்தின் எண் வரும். அல்லது செயற்கைக்கோள் படத்தையும் வானிலைக் கணக்கையும் வைத்துப் போட்ட மதிப்பீடு வரும். திருச்சியில் எழுதிய எண்ணில் குன்றாண்டார்கோவில் பக்கத்துச் சோகை நெருப்போ, கிரஷர் தூசியோ தெரியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் எந்த நிலையத்தின் எண் என்று பெயரோடு காட்டும். எண்ணைப் பார்க்கும் முன்பு நிலையத்தின் பெயரைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, நேரம். தூசிக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டில் சமைக்கும் 2 மணி நேரம் அடுப்படிக் காற்றில் நுண்தூசி 600 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீதி 22 மணி நேரமும் வெறும் 30 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தை 24-ஆல் வகுத்தால் சுமார் 78 வரும். குறியீட்டில் அது 160-ஐ ஒட்டி, 'மிதமான மாசு' என்று நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் இழுத்த 600 காகிதத்தில் காணாமல் போய்விடும். நுரையீரலில் காணாமல் போகாது.

மூன்றாவது, அளவுகோல். ஒரே ஊருக்கு ஒரு செயலி 100 என்றும் இன்னொன்று 150-க்கு மேல் என்றும் காட்டுவதுண்டு. ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். ஒன்று இந்திய அளவுகோல், மற்றது அமெரிக்க அளவுகோல். அதே 60 மைக்ரோகிராம் தூசிக்கு இந்தியக் கணக்கில் 100, அமெரிக்கக் கணக்கில் 150-க்கு மேல். குழப்பம் தீர ஒரே வழி, குறியீட்டோடு பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்பதையும் பார்ப்பது. மைக்ரோகிராம் கணக்கு நாட்டுக்கு நாடு மாறாது.

அடுப்பிலிருந்து தொடங்குவோம்

கிராமத்து வீட்டில் அதிகப் புகையை, அதிக நேரம், மிகப் பக்கத்திலிருந்து இழுப்பவர் சமைக்கும் பெண். அவர் இடுப்பிலோ பக்கத்திலோ இருக்கும் கைக்குழந்தை அடுத்தது. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களே ஒரு பெரிய ஆய்வில் பங்கெடுத்திருக்கின்றன. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் 'ஹேப்பின்' என்ற ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். விறகில் சமைத்துவந்த கர்ப்பிணிகளில் ஒரு பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். மறுபாதிப் பேர் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள். எல்லோர் உடம்போடும் சிறு கருவியைப் பொருத்தி, அவர்கள் இழுக்கும் காற்றையே அளந்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, விறகில் சமைத்தவர்கள் இழுத்த நுண்தூசி சுமார் 71 மைக்ரோகிராம். கேஸில் சமைத்தவர்களுக்குச் சுமார் 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கேஸ் அடுப்புகள் வந்தது கர்ப்பமான பிறகுதான்.

எல்லாவற்றுக்கும் கேஸ் அடுப்பே தீர்வு என்று இந்த முடிவு சொல்லவில்லை. ஆனால் அடுப்பை மாற்றினால் அவர் இழுக்கும் புகை மூன்றில் ஒரு பங்காகிறது என்பதை அளந்தே காட்டிவிட்டது. உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கிய பிறகு ஏராளமான வீடுகளுக்குச் சிலிண்டர் வந்தது. இருந்தாலும் சிலிண்டரை விருந்தாளிக்கும் அவசரத்துக்கும் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, தினப்படி உலை விறகில் கொதிக்கும் வீடுகள் இன்றும் உண்டு. தைலமரச் சருகும் வேலிக்கருவை விறகும் காசில்லாமல் கிடைக்கும்போது அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். அப்படிப்பட்ட வீடுகள் செய்யக்கூடியவை:

- புகை அதிகம் எழும் நீண்ட நேரச் சமையலையே கேஸுக்கு மாற்றுங்கள். பருப்பு, பயறு வகைகளை முன்னிரவே ஊறவைத்தால் கேஸ் செலவு குறையும்.
- வெந்நீர் அடுப்பையும் மாட்டுத்தீவனம் வேகவைக்கும் அடுப்பையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்த கொட்டகையில் வையுங்கள்.
- விறகை நன்றாகக் காயவைத்து, சிறிதாகப் பிளந்து எரியுங்கள். ஈர விறகும் பச்சைச் சருகும்தான் புகையைக் கக்கும்.
- அடுப்புக்கு மேலே புகைபோக்கி, எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இரண்டும் வேண்டும்.
- நெருப்புப் பற்றவைக்கப் பாலித்தீன் பையைப் போடாதீர்கள்.
- அடுப்பு எரியும் நேரத்தில் குழந்தையும் கர்ப்பிணியும் வேறிடத்தில் இருக்கட்டும்.

அடுப்பை விட்டால் கொசுவர்த்தி. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளியாகும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டிலுக்குக் கீழே சுருளை வைக்கும் வழக்கத்தை விட்டு, கொசுவலைக்கு மாறுவது அன்றைக்கே பலன் தரும்.

வயலில் வைக்கும் நெருப்பு

இந்தப் பக்கம் வைக்கோல் மாட்டுக்குத் தேவைப்படுவதால் யாரும் அதை எளிதில் கொளுத்துவதில்லை. ஆனால் கரும்புச் சோகை, வரப்போரப் புல், தைலமரச் சருகு, வெட்டிப்போட்ட முள், களத்துக் குப்பை எல்லாம் நெருப்புக்குத்தான் போகின்றன. தீ வைப்பவர் பெரும்பாலும் காலையிலோ சாயங்காலமோ காற்று அசையாத நேரம் பார்த்து வைப்பார். தீ பரவாது என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த நேரத்தில் புகையும் நகராது.

பனிக்காலத்து இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல் நிற்கிறது. புகை அந்த மூடியைத் தாண்ட முடியாமல் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி திறக்கும். 2018 ஜனவரி 13 அன்று சென்னையில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது இப்படித்தான்.

சோகையைக் கொளுத்தாமல் பரப்பிவிட்டால் மண்ணின் ஈரம் காக்கும், களை குறையும், மக்கி உரமாகும். மானாவாரிச் செம்மண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. சருகையும் களத்துக் குப்பையையும் சாணக்கரைசல் தெளித்துக் குழியில் போட்டால் அடுத்த பட்டத்துக்கு எரு.

பிளாஸ்டிக் விஷயம் வேறு. பழைய சொட்டுநீர்க் குழாய், நிலப்போர்வைத் தாள், உரச்சாக்கு, பூச்சிமருந்து பாட்டில் ஆகியவற்றை வயலோரத்தில் கொளுத்தினால் டையாக்ஸின் உள்ளிட்ட நச்சு வாயுக்கள் வரும். சாம்பலாக இறங்கி மேய்ச்சல் நிலத்திலும் சேரும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை விதித்து, சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவிட்டிருக்கிறது. மருந்து பாட்டிலை மூன்று முறை கழுவி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டு, தனியாகச் சேர்த்துவைத்து அப்புறப்படுத்துவதே முறை.

கரி மூட்டம் போடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அரைகுறையாக எரியும் மூட்டத்திலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காவலுக்கு என்று மூட்டத்தின் பக்கத்தில் படுத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காய்வதும் அப்படித்தான்.

கல் ஊரின் தூசி

குன்றைக் குடைந்து கோயில் கண்ட ஊர் குன்றாண்டார்கோவில். பல்லவர் காலத்து அந்தக் குடைவரையைச் செதுக்கிய அதே வகைக் கருங்கல்தான் இந்த மாவட்டத்தில் பல ஆயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பு. 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்கப் பரவிய காலத்தில், புதுக்கோட்டையின் கல்லுடைக்கும் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். அன்றைக்குச் சுத்தியலால் உடைத்த கல்லை இன்றைக்கு இயந்திரம் உடைக்கிறது. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கல்லை அரைக்க அரைக்கத் தூசியும் பொடியாகிறது.

கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. அதன் மிகப் பொடியான தூசி கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கணக்கில் இழுத்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகிவிடும். அதற்குப் பெயர் சிலிகோசிஸ். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை, வராமல் தடுக்கத்தான் முடியும். வேலையை விட்டு ஆண்டுகள் கழித்தும் அது முற்றலாம். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். இரண்டுக்கும் இருமல், இளைப்பு, எடை குறைதல் ஒன்றுபோலத் தெரிவதால், காசநோய் மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே காலத்தைக் கடத்தியவர்கள் உண்டு. ஆகவே கல் வேலை பார்த்தவர் எந்த மருத்துவரிடம் போனாலும், எத்தனை ஆண்டு, என்ன வேலை பார்த்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சட்டப்படி இழப்பீடு பெறக்கூடிய தொழில்நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கியில் கூலி வந்த பதிவு, எக்ஸ்ரே படம் எதையும் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துவது பின்னால் உதவும்.

கிரஷருக்கும் விதிகள் உண்டு. தூசி எழும் இடங்களில் நீர் தெளிக்க வேண்டும். கன்வேயரையும் சல்லடையையும் மூட வேண்டும். சுற்றிலும் காற்றுத் தடுப்புச் சுவரும் மரவரிசையும் வேண்டும். கிரஷரிலிருந்து 40 மீட்டர் தூரத்தில் அதனால் சேரும் மிதக்கும் தூசி 600 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதி. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்கு அனுமதி கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிம விதி. டிப்பர் லாரி தார்ப்பாய் மூடாமல் போவது தவறு. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு மனு எழுதினால், வெறும் 'தூசித் தொல்லை' என்று எழுதுவதைவிட எடை கூடும்.

கருவி இல்லாமல் காற்றைப் படிக்க

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாள், நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, புகையா தூசியா, வாடை என்ன, வீட்டில் யாருக்கு இருமலோ இளைப்போ வந்தது ஆகியவற்றைத் தினமும் இரண்டு வரி எழுதிவந்தால், ஒரு மாதத்தில் எது தொல்லை என்பது துலங்கிவிடும். வழக்கமாகத் தெரியும் தூரத்துக் குன்றோ கோபுரமோ இன்று தெரிகிறதா என்று பார்க்கலாம். வாழை இலையையோ எருக்கிலையையோ ஈரத்துணியால் துடைத்து, எத்தனை நாளில் மறுபடி தூசி படிகிறது என்று குறிக்கலாம். காலை, உச்சி, சாயங்காலம் என மூன்று வேளையும் ஒரே இடத்திலிருந்து செல்போனில் படம் எடுத்துவைத்தால் மனுவோடு சேர்க்கச் சான்றாகும்.

ஒரு எச்சரிக்கை. நுண்தூசி குறைந்த அளவில் கண்ணில் படாது. தெளிவாகத் தெரிவதாலேயே காற்று சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் கண்ணுக்கே புகை தெரிகிறது, கண் எரிகிறது என்றால் எந்தச் செயலி பச்சை காட்டினாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அடிக்கடி எழும் கேள்விகள்

குறியீடு எவ்வளவு வந்தால் வயல் வேலையை நிறுத்த வேண்டும்?

100 வரை வழக்கம்போல் வேலை செய்யலாம். 101-க்கு மேல் போனால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் கடின வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 200-ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும் வேலைகளை எல்லோரும் தள்ளிப்போடுவது நல்லது. மூச்சு வாங்க வேலை செய்பவர் சும்மா உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறார் என்பதே காரணம். பனிக்காலத்தில் வெயில் ஏறிப் புகை கலைந்த பிறகு வேலையைத் தொடங்கலாம். கோடையில் அப்படிச் செய்தால் வெப்பம் தாக்கும். அப்போது அதிகாலை வேலையே சரி.

முகத்தில் ஈரத் துண்டு கட்டினால் போதாதா?

பெரிய தூசிக்கு ஓரளவு உதவும். புகைக்கும் சிலிக்காத் தூசிக்கும் உதவாது. அவற்றுக்கு என்-95 முகக்கவசம் வேண்டும். அது மூக்கிலும் தாடையிலும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். ஈரமானாலோ, மூச்சு இழுக்கச் சிரமமானாலோ மாற்றிவிட வேண்டும். கதிரடிக்கும்போதும், ரோட்டில் உளுந்து காயப்போட்டுத் தூற்றும்போதும், பழைய வைக்கோல் போரைப் பிரிக்கும்போதும் இதை அணியலாம். பூச்சிமருந்தின் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் என்-95 தடுக்காது. மருந்து அடிக்க, அதற்கென உள்ள வடிகட்டி பொருத்திய கவசம் தேவை. காற்றுக்கு எதிரே நின்று அடிக்கவும் கூடாது.

கையடக்கக் கருவி வாங்கினால் ஊர்க் காற்றை நாமே அளக்கலாமா?

எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அடுப்படியில் ஒரு முறையும் வாசலில் ஒரு முறையும் வைத்துப் பார்த்தாலே கண் திறக்கும். ஆனால் விலை குறைந்த கருவிகள் பனிமூட்டத்தில் நீர்த்துளியையும் தூசியாக எண்ணி அதிகமாகக் காட்டும். அரசு நிலையத்தின் எண்ணுக்கு இணையான சான்றாக அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளிக்கோ ஊராட்சிக்கோ பொதுவாக ஒன்று வாங்கிப் பல வீடுகளில் பார்ப்பது சிக்கனம்.

பயிர் மேலெல்லாம் கிரஷர் தூசி. என்ன செய்வது?

இலைமேல் தூசி படிந்தால் வெயில் படுவது குறையும், இலைத்துளைகள் அடைபடும், விளைச்சல் குறையும். தண்ணீர் வசதி இருந்தால் காலையில் தெளிப்பு நீரால் இலையைக் கழுவிவிடலாம். தூசி வரும் திசையில் வேம்பு, புங்கன், புளி போன்றவற்றை இரண்டு மூன்று வரிசையாக நெருக்கி நடுவது நீண்டகாலத் தடுப்பு. தூசி படிந்த தீவனத்தை உதறி, முடிந்தால் அலசி மாட்டுக்குப் போடுங்கள். இழப்பைப் படத்தோடு பதிவுசெய்து, மாவட்டத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

புகார் எங்கே சொல்வது?

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். நகலைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் அனுப்புங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதிவுசெய்யலாம். கிராம சபையில் தீர்மானமாக எழுதவைத்தால் அது ஊரின் கோரிக்கை ஆகிவிடும். நாள், நேரம், இடம், தூரம், விதி ஆகிய ஐந்தும் மனுவில் இருக்கட்டும். தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாட வழி உண்டு.

இருமல் எத்தனை நாள் இருந்தால் கவலைப்பட வேண்டும்?

இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பேசும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலம்பாய்வது, நெஞ்சு இறுக்கிப் பிடிப்பது, குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்குவது ஆகியவை தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். நாள்பட்ட இளைப்புக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால், பழக்கமாகிவிடும் என்று பயந்து ஒதுக்க வேண்டாம். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதுகிறது.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் புகை, எந்தத் தூசி, எத்தனை வருடம் என்ற விவரம் ஸ்டெதஸ்கோப்பில் கேட்காது.